கி.ரா.வை எங்கே சந்தித்தீர்கள்?

எழுத்தாளர் கி. ராஜநாராயணன், நம் கி.ரா., போய்விட்டார். 2021 மே 17, இரவு, புதுச்சேரி லாஸ்பேட்டையில். 98 வயது. எங்கள் பக்கம் இதைக் கல்யாணச் சாவு என்பார்கள். மனசு கேட்க மாட்டேன் என்கிறது. கொரோனா ஊரடங்கு நேரம். நாலு பேர் கூடி உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசக்கூட வழியில்லை. அதனால் இங்கே பேசுவோம். நேரில் பார்த்தவர்கள் மட்டும்தான் என்றில்லை, எழுத்தில் சந்தித்தவர்களும் எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

கோவில்பட்டிதான் எனக்குச் சொந்த ஊர். காலேஜில் படிக்கும்போது கி.ரா.வின் ‘கதவு’ கதையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். குழந்தைகள் கதவில் ஏறி நின்று பஸ் விட்டு விளையாடும் இடத்தில் சிரித்தார். தீர்வை பாக்கிக்காகக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிற இடம் வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். நான் கதையை முடிக்கவே இல்லை. ராத்திரி சாப்பிடும்போது அவராகவே சொன்னார்: தாத்தா காலத்தில் எங்கள் வீட்டில் ஜப்தியில் போனது தண்ணீர் ஊற்றி வைக்கிற பித்தளை அண்டா. பாட்டி அதைப் புளி போட்டு விளக்கிக் கொடுத்து அனுப்பினாளாம், அழுக்காகப் போகக்கூடாது என்று. அத்தனை வருஷமாக எங்கள் யாரிடமும் சொல்லாத விஷயம். அந்தக் கதை இல்லாவிட்டால் அப்பா அதைச் சொல்லாமலே போயிருப்பார்.

*

நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். புகுந்த வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அத்தைக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்க மட்டும் தெரியும். அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தபோது கி.ரா.வின் ‘கோபல்ல கிராமம்’ நாவலை ராத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தேன். ஊருணியில் கர்ப்பிணிப் பெண்ணை ஒருவன் தண்ணீரில் அமுக்கிக் கொல்வான் அல்லவா, சாகிற நேரத்திலும் அவள் அவன் கால் பெருவிரலைக் கவ்விக்கொண்டு விடமாட்டாளே, அந்த இடத்தில் அத்தை “விடாதடீ, விடாத” என்று சத்தமாகவே சொன்னார்.

நாவலில் வருகிற மங்கத்தாயாரு அம்மாள் பழங்கதை சொல்ல ஆரம்பித்ததும் நிலைமை தலைகீழாகிவிட்டது. தெலுங்கு தேசத்திலிருந்து ராவோடு ராவாகக் கிளம்பி வந்தது, பின்னால் துரத்தி வந்தவர்கள், காட்டைக் கொளுத்தி நிலமாக்கியது எல்லாவற்றையும் நான் பக்கத்தைத் திருப்புவதற்கு முன்பே அவர் சொல்லிக்கொண்டு போனார். சில இடங்களில் “இப்படி இல்லை, எங்க பாட்டி வேற மாதிரி சொல்லும்” என்று கி.ரா.வைத் திருத்தவும் செய்தார்! எனக்கு அந்த வீட்டில் அதுவரை கொஞ்சம் ஒட்டாமல்தான் இருந்தது. மாமியாரும் மருமகளும் மனசு விட்டுப் பேச ஆரம்பித்தது அந்தப் புத்தகத்துக்குப் பிறகு. செவ்வாய்க்கிழமை காலையில் அத்தையிடம் விஷயத்தைச் சொன்னேன். தலைக்குக் குளித்துவிட்டு வந்து விளக்கேற்றினார். கி.ரா. முகத்தைக்கூடப் பார்த்ததில்லை, ஆனாலும் அத்தைக்கு அவர் பங்காளி.

*

அம்மா, உங்கள் அத்தையைப் பதிவு செய்து வையுங்கள். அந்தப் ‘பாட்டி வேற மாதிரி சொன்னதை’ முதலில் பதியுங்கள். கி.ரா. ஆயுள் பூராவும் தேடியது அதைத்தான்.

புதுவைப் பல்கலைக்கழகத்தில் அவர் நாட்டார் வழக்காற்றியலுக்கு வருகைதரு பேராசிரியராக இருந்த காலத்தில் நான் அங்கே மாணவன். பள்ளிப் படிப்பையே முடிக்காத ஒரு சம்சாரி (விவசாயி) பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தது அன்றைக்குப் பெரிய பேச்சு. நாங்கள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் கதை கொண்டுவர வேண்டும். எங்கள் தென்னாற்காட்டுப் பக்கத்தில் களையெடுக்கிற பெண்கள் சொல்லிச் சிரிக்கிற கதைகளை எழுதிக் கொடுக்க எனக்குக் கூச்சம். அவருக்குக் கூச்சமே கிடையாது. ஜனங்கள் வாயில் இருப்பதை நாம் ஏன் கழுவ வேண்டும் என்கிற கட்சி அவர். 1982-லேயே கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி கொண்டுவந்தவர் அல்லவா. நண்பர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு செய்த காரியம் அது, எந்த நிறுவனத்தின் பலத்திலும் இல்லை. வட்டார அகராதி என்று இன்றைக்கு யார் ஆரம்பித்தாலும் அவரைத் தொட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

கி.ரா.வின் மனைவி கணவதி அம்மாளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அந்த வீட்டுக்குப் போன எவரும் வெறும் வயிற்றோடு திரும்பியதில்லை. 2019-இல் கணவதி அம்மாள் போன பிறகு துக்கம் கேட்கப் போயிருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே கி.ரா.வின் கண் அடுப்படிப் பக்கம் போய்ப் போய் வந்தது.

*

திருப்பூரில் தமிழாசிரியை. பத்தாம் வகுப்புப் பாடத்தில் ‘கோபல்லபுரத்து மக்க’ளிலிருந்து ஒரு பகுதி இருக்கிறது. நடந்து களைத்து வந்த இளைஞனுக்கு அன்னமய்யா நீத்துப்பாகம் (மேல்கஞ்சி) வாங்கிக் கொடுப்பார், பிறகு புஞ்சையில் வேலை செய்கிறவர்கள் தங்கள் கம்மஞ்சோற்றில் அவனுக்கும் பங்கு வைப்பார்கள். என் வகுப்பில் ஒரு பையன், பெற்றோர் விளாத்திகுளம் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்தவர்கள். அவன் பேச்சை மற்றவர்கள் கேலி செய்ததால் வாயே திறக்க மாட்டான். உள்ளங்கையில் சோற்றை வைத்து நடுவில் பள்ளம் செய்து துவையல் வைக்கிற இடம் வந்தது. எனக்கே அது சரியாகப் பிடிபடவில்லை. யாருக்காவது தெரியுமா என்று கேட்டேன். அவன் எழுந்து வந்து, இடது கையைக் குவித்து, வலது கைக் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினான். அப்புறம் மிச்சப் பாடத்தை அவனையே வாசிக்கச் சொன்னேன். அந்த உரையாடல்களுக்கு எங்கே நிறுத்த வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்பது அவனுக்குத்தான் தெரிந்திருந்தது. நான் அதுவரை மேடைத் தமிழில் வாசித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அவன் போன் செய்தான். “டீச்சர், அந்தத் தாத்தா எறந்துட்டாராமே.”

*

நான் கயத்தாறுக்காரன். 19-ஆம் தேதி கி.ரா.வின் சொந்த ஊரான இடைசெவலுக்குப் போயிருந்தேன். புதுச்சேரியிலிருந்து உடலைக் கொண்டுவந்திருந்தார்கள். அரசு மரியாதை, போலீஸ் அணிவகுப்பு, துப்பாக்கி முழக்கம். ஒரு எழுத்தாளனுக்கு இது நடந்ததைப் பார்க்கக் கொடுத்துவைத்தேன். முகக்கவசத்தோடு தள்ளித் தள்ளித்தான் நிற்க முடிந்தது. என் பக்கத்தில் நின்ற பெரியவர், இதே ஊர் எழுத்தாளர் கு. அழகிரிசாமியின் வீடு இருந்த திசையைக் கைகாட்டிச் சொன்னார்: “ரெண்டு பேரும் ஒண்ணா வளந்தவங்க. அவருக்கு அம்பது வயசுகூட நெறயல, இவரு அவருக்கும் சேத்து இருந்துட்டாரு.” இத்தனூண்டு ஊர், சாகித்ய அகாதெமி விருது ரெண்டு. பெரியவர் அந்த ரெண்டு புத்தகத்தையும் வாசித்ததில்லையாம். ஆனால் கி.ரா. கதையில் எந்த ஆள் எந்த வீட்டுக்காரர் என்று வரிசையாகச் சொன்னார்.

*

நான் இதுவரை கி.ரா.வை வாசித்ததில்லை. எல்லாரும் எழுதியிருப்பதைப் பார்க்கப் பொறாமையாக இருக்கிறது. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

*

தம்பி, ‘கதவு’ சின்னக் கதை, இன்றைக்கே வாசித்துவிடலாம். அப்புறம் ‘கிடை’ குறுநாவல். அதற்குப் பிறகு ‘கோபல்ல கிராமம்’, அது முடிந்ததும் ‘கோபல்லபுரத்து மக்கள்’, இந்த வரிசையை மாற்ற வேண்டாம். பேச்சுவழக்கு முதல் பத்துப் பக்கம் தடுக்கும், வாய்விட்டு வாசித்தால் வழிவிடும். ஊரடங்கில் நூலகம் இல்லை. புத்தகம் வேண்டுமென்றால் முகவரியைத் தனியாக அனுப்புங்கள், தபால் ஓடத் தொடங்கியதும் என்னுடைய பிரதியை அனுப்புகிறேன். ஓரத்தில் பென்சில் குறிப்புகள் இருக்கும், அவை அப்பாவுடையவை. அழிக்காமல் திருப்பித் தந்தால் போதும்.