ஹார்லி ஸ்ட்ரீட் பாப் பிரைமரியில் 'டங்' சத்தம்: வேறு கம்பெனி காம்பன்சேட்டர் போடலாமா?

லாஸ்பேட்டை_டைனா:
வணக்கம். என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஹார்லி-டேவிட்சன் டைனா ஸ்ட்ரீட் பாப் பைக், 1585 சிசி. காலையில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் இடது பக்கம் பிரைமரியில் (இன்ஜினிலிருந்து கிளட்ச்சுக்குச் செயின் ஓடும் பெட்டி) சுத்தியலால் அடித்த மாதிரி ஒரு 'டங்', சில நாள் ஸ்டார்ட்டரே ஒரு நொடி திணறி நின்று அப்புறம்தான் சுற்றுகிறது. சூடானதும் குறைந்துவிடும், ஆனால் அரியாங்குப்பம் நெரிசலில் ஆக்சிலேட்டரை விட்டு விட்டுத் திருகும்போது மறுபடி கேட்கிறது. ஒரு இடத்தில் காட்டினேன், "ஹார்லின்னா அப்படித்தான் சார்" என்று அனுப்பிவிட்டார்கள். இணையத்தில் பார்த்தால் காம்பன்சேட்டரை மாற்று, பேக்கர் கம்பெனி கிட் வாங்கு, ஹார்லியின் சொந்த ஸ்க்ரீமின் ஈகிள் கிட் வாங்கு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கஸ்டம்ஸ் வரியோடு சேர்த்தால் கையைக் கடிக்கும். போட்டால் சத்தம் போகுமா? பாண்டியிலேயே போட முடியுமா, இல்லை சென்னைக்கு ஏற்றி அனுப்பணுமா?

மஞ்சக்குப்பம்_பட்டறை:
தம்பி, கிட்டுக்குக் காசு கட்டுவதற்கு முன்னால் பேட்டரியைப் பாருங்கள். உங்கள் இன்ஜின் 45 டிகிரி வி-ட்வின், இரண்டு சிலிண்டரும் ஒரே கிராங்க் பின்னில் தொங்குவதால் வெடிப்புகள் சம இடைவெளியில் வராது, ஒன்றுக்கு அடுத்தது 315 டிகிரியில், அதற்கு அடுத்தது 405 டிகிரியில். அந்த உதறலை செயினுக்குப் போகாமல் கிராங்க் முனையிலேயே வாங்கிக்கொள்வதுதான் காம்பன்சேட்டர் வேலை. உள்ளே பெரிய மர்மம் ஒன்றும் இல்லை, சரிவு வெட்டிய ஒரு கேம், அதை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங், அவ்வளவுதான். பேட்டரி சோர்ந்து ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால் பிஸ்டன் கம்ப்ரஷனைத் தாண்ட முடியாமல் பின்னால் உதைக்கும், அந்த உதை நேராக விழுவது இந்தச் சரிவில்தான். ஸ்டார்ட்டர் சுற்றும்போது மீட்டர் வைத்துப் பாருங்கள், 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். கடற்காற்றில் டெர்மினலும் எர்த் ஒயரும் பச்சை பூத்துக் கிடக்கும், அதையும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்.

இன்னொன்று, முன்னால் வைத்திருந்தவர் சத்தம் கெத்தாக இருக்கட்டும் என்று ஐடிலை (வண்டி நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகம்) 800 ஆர்பிஎம்முக்கு இறக்கி வைத்திருக்கிறாரா பாருங்கள். 1000 பக்கம் இருக்கணும். அப்புறம் தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் வழியாகக் கடலூர் வரும்போது 6-வது கியரில் 60-ல் உருட்டிக்கொண்டு வருவதும் இதே அடிதான். இறக்கிப் போட்டு ஓட்டுங்கள்.

நெல்லித்தோப்பு_புல்லட்:
இதுக்கு இவ்வளவு செலவா! என் பழைய புல்லட்டில் பின் ஹப்பில் உதறலை வாங்க ஒரு குஷ் ரப்பர், நாலு காசுக்கு முடிந்துவிடும். ஏன் ப்ரோ, ஹார்லிக்காரன் இதை யோசிக்கவே இல்லையா?

மஞ்சக்குப்பம்_பட்டறை:
அந்தக் காலத்து பிஎஸ்ஏ வண்டிகளிலேயே இன்ஜின் ஷாஃப்ட்டில் ஸ்பிரிங் வைத்த ஷாக் அப்சார்பர் இருந்தது, புது யோசனை இல்லை. பின் சக்கர ரப்பர் உதறலைப் பிடிப்பதற்குள் அது பிரைமரி செயின், கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாவற்றையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் வரும். இவ்வளவு டார்க் உள்ள இன்ஜினில் உதறலை ஆரம்பத்திலேயே பிடித்தாகணும்.

முத்தியால்பேட்டை_ரைடர்:
நான் மாற்றியிருக்கிறேன், வேறு டைனாவில். பேட்டரி பார்க்கச் சொன்னது சரி, ஆனால் சூடான பிறகும் ஆக்சிலேட்டருக்குச் சத்தம் வருகிறது என்கிறீர்களே, அது பேட்டரி கணக்கில் வராது. பிரைமரி ஆயிலை இறக்கி டிரெயின் பிளக் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறக் களிம்பு சகஜம், கையில் குத்துகிற துகள் இருந்தால் கவரைத் திறந்துவிடுங்கள். கேம் சரிவில் வரி விழுந்து, பள்ளம் பறித்திருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, மாற்றத்தான் வேண்டும். பழைய டிசைனில் அந்தச் சரிவுக்கு ஆயில் சரியாகப் போகாமல் காய்ந்து தேய்வதுதான் பிரச்சினையே, வாங்கும் கிட்டில் ஆயில் போக வழி செய்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

வேலை பாண்டியிலேயே ஆகும். மெயின் ஃபியூஸை எடுத்துவிட்டு ஆரம்பிக்கணும், ஸ்டார்ட்டர் தெரியாமல் சுற்றினால் விரல் போய்விடும். செயினில் லாக் கிடையாது, முழு வளையம், அதனால் ஸ்ப்ராக்கெட், செயின், கிளட்ச் கூடை எல்லாம் சேர்ந்துதான் வெளியே வரும். இங்கேதான் பலர் சொதப்புவார்கள்: காம்பன்சேட்டர் போல்ட் சாதாரண மரை, கிளட்ச் ஹப் நட் இடது மரை, அதாவது வலப்பக்கம் திருகினால்தான் கழலும். தெரியாமல் ஏர் கன்னை வைத்து எதிர்ப்பக்கம் அடித்தால் மெயின் ஷாஃப்ட்டுக்குச் செலவு. பின்னால் இருக்கும் ரோட்டர் (ஆல்டர்னேட்டரின் சுழலும் பாகம்) காந்தம் பலமானது, ஒரு சின்ன வாஷர் ஒட்டியிருந்தாலும் துடைத்துவிட்டு மாட்டுங்கள். செயினைத் தானே இழுத்துப் பிடிக்கும் ஆட்டோ டென்ஷனரை அழுத்திக் கம்பி போட்டுப் பிடித்து வைத்து, எல்லாம் பூட்டிய பிறகு கம்பியை உருவுங்கள். அது ஒரு பக்கம்தான் ஏறும், திரும்ப இறங்காது. செயின் விறைப்பாக நின்றால் அந்தச் சத்தத்தையும் காம்பன்சேட்டர் தலையில் கட்டுவார்கள். கவர் கேஸ்கெட் புதிதாகப் போடுங்கள்.

லாஸ்பேட்டை_டைனா:
நன்றி அண்ணா, நன்றி ப்ரோ. மீட்டர் வைத்துப் பார்த்தேன், 8.9 வரை விழுகிறது, பேட்டரி மாற்றப்போகிறேன். ஆயிலும் இறக்கினேன், பிளக்கில் துகள் இருக்கிறது. ஆக இரண்டு செலவும் உறுதி. போல்ட்டை எவ்வளவு டைட் வைக்கணும்? தெரிந்த மெக்கானிக் "கன்னில் ரெண்டு அடி அடிச்சா போதும்" என்கிறார்.

முத்தியால்பேட்டை_ரைடர்:
கன் வேண்டவே வேண்டாம். என் கிட்டோடு வந்த தாளில் முதலில் 100 அடி-பவுண்டு, அப்புறம் அரைச் சுற்றுத் தளர்த்தி, மறுபடி 140 என்று இருந்தது, 140 என்றால் சுமார் 190 நியூட்டன் மீட்டர். கிட்டுக்குக் கிட்டு எண் மாறும், உங்கள் தாளில் உள்ளதைத்தான் வைக்கணும். மரையில் பழைய லாக்டைட் பசையைச் சுத்தமாக எடுத்துவிட்டு சிவப்பு லாக்டைட் இரண்டு சொட்டு. பைக் கடையில் அவ்வளவு பெரிய டார்க் ரெஞ்ச் இருக்காது, பாண்டி மேட்டுப்பாளையம் லாரி பட்டறைகளில் கேளுங்கள், வாடகைக்கே தருவார்கள். ஸ்ப்ராக்கெட்டைப் பூட்டிப் பிடிக்கும் கட்டையை லேத்தில் நைலானில் கடைந்து வாங்கிக்கொள்ளுங்கள், இரும்பு வைத்தால் பல் போகும்.