21 நாள் சங்கிலி ஜெபம்: ராத்திரி 2 முதல் 4 வரை அறுந்துபோகிறது
ஸ்தோத்திரம். திருமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமச் சபை. வேதத்தில் தானியேல் 10-ஆம் அதிகாரத்தின் 21 நாளை வைத்து இரவு பகலாக, ஒருவர் முடிக்க அடுத்தவர் தொடங்கும் சங்கிலி ஜெபம் நடக்கிறது. இன்று 9-ஆம் நாள். அரைமணி வீதம் நாளுக்கு 48 பங்கு. ஆள் 26, இருபத்திரண்டு பேருக்கு இரண்டு பங்கு, வயதான நால்வருக்கு ஒன்று. அவரவர் வீட்டில்தான் ஜெபம்.

பகலில் தடையில்லை. நாலாம் நாள் 2:30 பங்கு விட்டுப்போனது. அன்றிலிருந்து பெரும்பாலும் அப்படித்தான். ஒருவர் அசந்தால் அடுத்தவரை எழுப்ப ஆளில்லை. 4 மணிக்கு மல்லிகை பறிக்கிறவர்கள் நெற்றி லைட்டோடு எழும்பும்வரை காலி. அவர்கள்மேல் இன்னும் பாரம் ஏற்றக் கூடாது.

அலாரம் வைத்தோம், அணைத்துவிட்டுப் படுக்கிறார்கள். முடித்தவர் அடுத்தவருக்கு மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னோம். போன் சைலண்டில் கிடக்கிறது. மோசேயின் கைகளை ஆரோனும் ஊர் என்பவரும் தாங்கியதுபோல (யாத்திராகமம் 17:12) இருவர் இருவராகப் போட்டதில் இரண்டு நாள் நன்றாக நடந்தது. பிறகு 'அவர் பார்த்துக்கொள்வார்' என்று இருவருமே தூங்கிவிட்டார்கள்.

ஜெபக்குறிப்பு இல்லாமல் பத்து நிமிஷத்துக்குமேல் ஓடாது என்பதால் பங்குக்கு ஏழு குறிப்பு நோட்டில் எழுதிக் கொடுத்தாயிற்று. படுத்தபடி வேண்டாம், முகம் கழுவி உட்கார்ந்து அல்லது நடந்து ஜெபிக்கவும் சொல்லியாயிற்று. சுகர் மாத்திரை போடுகிறவர்களுக்கு உபவாசமும் இல்லை. ஆகவே பலவீனம் காரணமல்ல.

சோர்ந்துபோகாமல் ஜெபிக்க வேண்டும் என்று லூக்கா 18:1 சொல்வதை நம்பித்தான் தொடங்கினோம். பாதியில் நிறுத்த மனமில்லை. இன்னும் 12 நாள் இருக்கிறது. சின்னச் சபையில் முழு இரவுச் சங்கிலியை அறாமல் நடத்தியவர்கள், இந்த நாலு பங்கையும் எப்படிப் பிரித்துக் கொடுத்தீர்கள்?