அம்மா பின்னிய ஸ்வெட்டர், ஜன்னலோரச் செடிகள்: குளிர்காலத்தில் இரண்டையும் எப்படிப் பார்த்துக்கொள்வது?

செவ்வந்தி

வணக்கம். வீட்டிலிருந்தே வேலை என்பதால் இந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு ஒரே அறைதான். ஜன்னலோரம் ஒரு நாற்காலி, பக்கத்தில் மூன்று தொட்டிகள்: மணி பிளான்ட், ஸ்னேக் பிளான்ட், பாஸ்டன் ஃபெர்ன். உடம்பில் அம்மா பின்னிக் கொடுத்த சாம்பல் நிற ஸ்வெட்டர். சாயங்காலம் அந்த மூலையில் உட்கார்ந்தால் எழுந்து வரவே மனசு வராது.

ஆனால் மூன்று வாரமாக ஒன்று மாற்றி ஒன்று கெட்டுக்கொண்டே வருகிறது. செடிகளுக்குக் குளிருமே என்று ஹீட்டருக்குப் பக்கத்தில் நகர்த்தினேன். ஃபெர்ன் நுனியெல்லாம் பழுப்பாகி, தொட்டால் உதிர்கிறது. காற்று காய்ந்துபோயிருக்கிறது என்று இரண்டு நாளைக்கு ஒரு தடவை மூன்றுக்கும் தண்ணீர் ஊற்றினேன். இப்போது மணி பிளான்ட்டின் அடி இலைகள் மஞ்சளாகின்றன. ஸ்வெட்டரைக் கழற்றினால் பட்பட்டென்று பொறி பறக்கிறது. அதன் வலது முழங்கையில் நூல் தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிறது. இரண்டு மாதமாகத் துவைக்கவும் இல்லை, பயம். அம்மா இப்போது இல்லை. இன்னொன்று பின்னித் தர ஆளும் இல்லை.

செடிகள் காற்றைச் சுத்தம் செய்யும் என்று படித்ததால் ஜன்னலைத் திறப்பதும் இல்லை. அது சரிதானா?

தொட்டிமண்

முதல் வேலையாக மூன்றையும் ஹீட்டர் பக்கத்திலிருந்து எடுங்கள். மணி பிளான்ட்டுக்குத் தண்ணீரை நிறுத்துங்கள். ஸ்வெட்டரைப் பற்றி ஊசிநூல் அக்காதான் சொல்ல வேண்டும், அவர் வரும்வரை அதைத் தண்ணீரில் போடாதீர்கள்.

ஊசிநூல்

செவ்வந்தி, அம்மாவின் ஸ்வெட்டர் என்று படித்ததும் கையிலிருந்த பின்னலைக் கீழே வைத்துவிட்டு எழுதுகிறேன். என்னிடமும் அப்படி ஒன்று இருந்தது, பாட்டி பின்னியது, பச்சை நிறம். பத்தொன்பது வயதில் அதைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கசக்கித் துவைத்துவிட்டேன். குழந்தைச் சட்டை அளவுக்குச் சுருங்கி, அட்டை மாதிரி விறைத்துப்போனது. கம்பளி இழையின் மேல் மீன் செதில் போல நுண்ணிய அடுக்குகள் உண்டு. சூடும் கசக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், அப்புறம் பிரியவே பிரியாது. பாட்டியின் கை போன வழியெல்லாம் அதில் மறைந்துபோனதை இன்று நினைத்தாலும் வருத்தம்தான். உங்களுக்கு அது நடக்கக்கூடாது.

முதலில் அறையைப் பார்ப்போம். வெளியே 0 டிகிரியில் இருக்கும் காற்று முழு ஈரத்தோடு இருந்தாலும், உள்ளே வந்து 22 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 23 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். அதிலுள்ள தண்ணீர் குறையவில்லை, சூடான காற்றுக்குத் தாகம்தான் கூடிவிட்டது. அந்தத் தாகத்தை ஃபெர்ன் இலையிடமும் உங்கள் உதட்டிடமும் தீர்த்துக்கொள்கிறது. ஸ்வெட்டரில் பொறி பறப்பதும் இந்த வறட்சியால்தான். ஈரப்பதமானி ஒன்று வாங்கி நாற்காலி பக்கத்தில் வையுங்கள். 40க்கும் 50க்கும் நடுவில் இருந்தால் செடிக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. 60ஐத் தாண்டவிட்டால் ஜன்னல் வியர்த்து, சுவரில் பூஞ்சை பிடிக்கும்.

மஞ்சள் இலை வேறு கதை. குளிர்காலத்தில் பகல் குறைவு, வெளிச்சமும் மங்கல். செடி வளர்வது ஏறக்குறைய நின்றுவிடும், தண்ணீரும் மெதுவாகத்தான் குடிக்கும். நீங்கள் ஊற்றியது மண்ணிலேயே தேங்கி, வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுக ஆரம்பித்திருக்கும். கிழமை பார்த்து ஊற்றாதீர்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள், அங்கே காய்ந்திருந்தால் மட்டும் மணி பிளான்ட்டுக்கு ஊற்றுங்கள். ஸ்னேக் பிளான்ட்டுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை போதும். ஃபெர்ன் மட்டும் விதிவிலக்கு, அதன் மண் எப்போதும் லேசான ஈரத்தோடு இருக்க வேண்டும். உரம் எதுவும் இப்போது வேண்டாம்.

செடிகள் ஜன்னலோரமே இருக்கட்டும், வெளிச்சம் அங்கேதான். ஒரு மீட்டர் உள்ளே தள்ளினாலே வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் இலை கண்ணாடியில் படக்கூடாது. இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை: ராத்திரி திரையை இழுத்து மூடும்போது செடி திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். அறையின் சூடு அங்கே போகாது. இவையெல்லாம் வெப்பமண்டலச் செடிகள், 10 டிகிரிக்குக் கீழே போனால் தாங்காது. திரையை மூடும் முன் தொட்டிகளை உள்பக்கம் இழுத்துவிடுங்கள்.

ஜன்னலைத் தயவுசெய்து திறங்கள். செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சு 1989இல் நாசா வெளியிட்ட ஓர் ஆய்விலிருந்து பரவியது. அது மூடிய சின்னப் பெட்டிகளுக்குள் செய்த சோதனை. 2019இல் வந்த மறுஆய்வு ஒன்று, வீட்டில் அந்தப் பலன் கிடைக்க ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டும் என்று கணக்கிட்டது. மூன்று தொட்டியால் ஆகாது. பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்து, செடிகளைக் குளிர்காற்றுக்கு எதிரே இல்லாமல் ஒதுக்கிவைத்தால் போதும். நாங்கள் செடி வளர்ப்பது அதைப் பார்த்துக்கொண்டு உட்காரத்தானே, அந்தக் காரணமே எனக்கு நிறைவாக இருக்கிறது.

இனி ஸ்வெட்டர். இரண்டு மாதம் துவைக்காதது தப்பே இல்லை. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. ராத்திரி நாற்காலி முதுகில் விரித்துப் போட்டால் காலையில் வாடை போயிருக்கும். துவைத்தே ஆக வேண்டுமென்றால் முழங்கையை முதலில் சரிசெய்யுங்கள். ஈரமானால் நூல் இன்னும் பலவீனமாகும், தேய்ந்த இடம் ஓட்டையாகிவிடும்.

செவ்வந்தி

அக்கா, இரண்டு தடவை படித்தேன். திரை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, தினமும் அப்படித்தான் மூடிக்கொண்டிருந்தேன். முழங்கையை எப்படிச் சரிசெய்வது? எனக்குப் பின்னத் தெரியாது. அதே சாம்பல் நிறமும் கிடைக்கவில்லை, கொஞ்சம் கறுத்த சாம்பல்தான் இருக்கிறது.

ஊசிநூல்

பின்னத் தெரிய வேண்டாம், தைக்கத் தெரிந்தால் போதும். முனை மழுங்கிய பெரிய ஊசி ஒன்றும், ஸ்வெட்டர் நூலைவிடக் கொஞ்சம் மெல்லிய கம்பளி நூலும் எடுத்துக்கொள்ளுங்கள். கறுத்த சாம்பல் பரவாயில்லை, அந்த இடத்தில் உங்கள் கை பட்டது தெரிந்தால் என்ன குறை?

கைக்குள் ஒரு பந்தை விட்டு, முழங்கைப் பகுதியை அதன்மேல் இழுக்காமல் விரியுங்கள். நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் பின்னல் வரிசை வரிசையாக 'வி' போட்ட மாதிரி தெரியும். தேய்ந்த இடத்துக்கு மூன்று 'வி' தள்ளி, நூல் திடமாக உள்ள இடத்தில் ஆரம்பியுங்கள். ஊசியை ஒரு 'வி'யின் அடிமுனை வழியே பின்னாலிருந்து முன்னால் கொண்டுவாருங்கள். அதற்கு மேல் வரிசையில் உள்ள 'வி'யின் இரண்டு கால்களுக்கும் அடியில் பக்கவாட்டில் நுழைத்து, திரும்பவும் புறப்பட்ட அதே அடிமுனையில் இறக்குங்கள். ஒரு கண்ணி முடிந்தது. அப்படியே பக்கத்துக் கண்ணிக்குப் போங்கள். பழைய நூல் போன வழியிலேயே புது நூல் போகும். இறுக்கி இழுக்காதீர்கள், படிந்து கிடந்தால் போதும். முடிச்சு வேண்டாம், நுனியைப் பின்பக்கம் சில கண்ணிகளுக்குள் ஓட்டிவிடுங்கள்.

அப்புறம் துவைக்கலாம். தண்ணீர் 30 டிகிரிக்குள், கை வைத்தால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. கம்பளிக்கென்று விற்கும் சோப்புத் திரவம் போடுங்கள். சாதாரணத் துணித்தூள் பலவற்றில் புரதக் கறையைக் கரைக்கும் என்சைம் இருக்கும், கம்பளியே புரதம்தான். அமுக்கி அமுக்கி விடுங்கள், தேய்க்காதீர்கள், முறுக்காதீர்கள். அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும். தூக்கும்போது தோளைப் பிடித்துத் தூக்கினால் தண்ணீர் கனத்தில் நீண்டுவிடும், குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் அடியிலிருந்து ஏந்துங்கள். துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்திப் பிழியுங்கள். பிறகு காய்ந்த துண்டின்மேல் அளவு பார்த்துப் படுக்கையாக விரியுங்கள். கொடியிலும் ஹீட்டர் மேலும் வேண்டாம்.

விரிக்கும் இடம் செடிகளுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். போன வாரம் என் ஸ்வெட்டரை எடைபோட்டேன். துண்டில் பிழிந்த பிறகு 810 கிராம், காய்ந்த பின் 520. அந்த 290 கிராம் தண்ணீரும் அறைக் காற்றில்தான் கலந்தது. 28இல் இருந்த ஈரப்பதமானி அன்று ராத்திரி 36 காட்டியது.

தொட்டிமண்

ஃபெர்ன் இலைகளை ஒரு வெள்ளைத் தாளின்மேல் தட்டிப் பாருங்கள். தூசி போல விழுந்த புள்ளி நகர்ந்தால் அது சிலந்திப்பேன். சூடான வறண்ட காற்றில் வேகமாகப் பெருகும். இலையின் அடிப்பக்கத்தை அறைச் சூட்டுத் தண்ணீரால் நன்றாகக் கழுவி, வாராவாரம் பாருங்கள். வீட்டில் பூனை இருந்தால் மணி பிளான்ட்டும் ஸ்னேக் பிளான்ட்டும் எட்டாத இடத்தில் இருக்கட்டும், கடித்தால் அதற்கு ஆகாது.

செவ்வந்தி

பதினைந்து நாள் கழித்து எழுதுகிறேன். பூனை இல்லை, சிலந்திப்பேனும் இல்லை. மணி பிளான்ட்டைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தபோது இரண்டு வேர் கறுத்துக் குழைந்திருந்தது. வெட்டிவிட்டு, காய்ந்த மண்ணில் மாற்றிவைத்தேன். அதற்குப் பிறகு ஓர் இலைகூட மஞ்சளாகவில்லை. ஃபெர்னில் காய்ந்ததையெல்லாம் நறுக்கினேன். நடுவில் இரண்டு புது இலை சுருண்டபடி எட்டிப் பார்க்கிறது, நகக்கண் அளவு.

முழங்கைக்கு மூன்று சாயங்காலம் ஆனது, நாற்பத்திரண்டு கண்ணிகள். அம்மா போட்ட ஒவ்வொரு கண்ணியையும் ஊசியால் தொட்டுத்தான் போக வேண்டியிருந்தது. ஓரிடத்தில் அவரும் ஒரு கண்ணியைத் தவறவிட்டு, பின்னால் முடிந்து வைத்திருக்கிறார். அதை அப்படியே விட்டுவிட்டேன்.

இன்று காலை துவைத்தேன், சுருங்கவில்லை. செடிகளுக்குப் பக்கத்தில் துண்டின்மேல் கிடக்கிறது. ஈரப்பதமானி 41 காட்டுகிறது. இடது கை மட்டும் இன்னும் ஈரமாக இருக்கிறது, நாளைக் காலையில் திருப்பிப்போட வேண்டும்.