ராபை (யூத மதகுரு) டேவிட் ஸ்மால் துப்பறியிற நாவல் படிச்சவங்க இருக்கீங்களா? நம்மூர்ல அப்படி ஒரு ஆள வச்சு துப்பறியும் கதை எழுதுனா சரியா வருமா?

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம், நமக்கு திருநகர். பழைய புக் கடையில ஹாரி கெமல்மேன் எழுதுன 'ஃப்ரைடே தி ராபை ஸ்லெப்ட் லேட்' கெடச்சுச்சு, 1964ல வந்த நாவல், சும்மா பொரட்டிப் பாப்போம்னு எடுத்துட்டு முடிச்சுட்டுத்தான் கீழ வச்சேன். படிக்காதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன். அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பக்கம் பார்னார்ட்ஸ் க்ராஸிங்னு ஒரு கற்பனை ஊரு, அங்க யூதக் கோயிலுக்கு புதுசா வந்த இளவயசு ராபைதான் டேவிட் ஸ்மால், உடுப்புல அக்கறை கெடையாது, பணக்காரன்னு யார்கிட்டயும் குழைஞ்சு பேசவும் தெரியாது, எந்நேரமும் புக்கும் கையுமா இருக்குறவரு. கோயில் வளாகத்துல ஒரு பொண்ணு கொலையாகிக் கெடக்கு, அந்தப் பொண்ணோட ஹேண்ட்பேக் ராபையோட கார்லயே இருக்கு, சந்தேகம் நேரா அவர் மேல. ஊர் போலீஸ் சீஃப் லானிகன், ஐரிஷ் கத்தோலிக்கர், ராபைய மெரட்டாம அவர்கிட்ட ஒக்காந்து சாமி பத்தியும் மதம் பத்தியும் பேசுறாரு பாருங்க, அந்தப் பக்கங்கள திரும்பத் திரும்பப் படிச்சேன்.

ரெண்டு விஷயம் கேக்கணும். இதுல அடுத்து எத படிக்கிறது, வரிசையாத்தான் போகணுமா? இன்னொன்னு, மதுரைப் பக்கம் நடக்குற மாதிரி இப்படி ஒரு கதை எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை, கோயில் ஓதுவார் ஒருத்தர துப்பறியிற ஆளா வைக்கலாம்னு நெனைக்கிறேன், இல்லன்னா சர்ச் ஃபாதர். எது எடுபடும்? படிச்சவங்க மனசுல பட்டத சொல்லுங்க.

புக்குப்பிரியை:
அண்ணே வரிசையாவே போங்க. கெழம பேரு வச்சே வரும், வெள்ளிக்கு அப்புறம் சனி 1966, ஞாயிறு 1969, திங்கள் 1972, செவ்வாய் 1973, புதன் 1976, வியாழன் 1978. கெழம ஏழும் முடிஞ்ச பெறகும் வேற வேற தலைப்புல 1996 வரைக்கும் எழுதுனாரு, அதே வருசம்தான் இறந்துபோனாரு. மொத நாவலுக்கே சிறந்த முதல் நாவல்னு எட்கர் விருது, அமெரிக்காவுல துப்பறியும் கதைகளுக்குக் குடுக்குறது. எனக்குப் புடிச்சது சனிக்கிழமதான். யோம் கிப்பூர் அன்னைக்கு, வருசத்துலயே பெரிய நோன்பு நாளு, பூராப் பேரும் கோயில்ல இருக்காங்க, அந்த நேரத்துல ஒருத்தர் கராஜ்ல கார் பொகையில செத்துக் கெடக்காரு. விபத்தா தற்கொலையான்னு தெரியாமயே ராபை அவர யூதக் கல்லறையில அடக்கம் பண்ணிக் குடுத்துடறாரு, தற்கொலைன்னா அங்க அடக்கம் பண்ணலாமான்னு கெளம்புற பிரச்சனை இருக்கே, யாரு கொன்னாங்கங்கறதே மறந்துபோற அளவுக்கு என்னைய இழுத்துட்டுப் போச்சு. திங்கக்கிழமல குடும்பத்தோட இஸ்ரேல் போறாரு, செவ்வாயில காலேஜ்ல பாடம் எடுக்கப் போறாரு. சம்சாரம் மிரியமோட அவரு பேசுறதையும் விட்றாதீங்க, நல்லாருக்கும்.

ஆரப்பாளையம்காரன்:
நான் மூணு படிச்சேன், என் கருத்து வேற. துப்பறியிறது அம்புட்டு ஒன்னும் வலுவா இல்லைங்க. கொலை, தடயம்னு போனா சுருக்க முடிஞ்சுரும், நடுவுல கோயில் கமிட்டி மீட்டிங்கு, தலைவர் எலெக்‌ஷன், யாருக்கு எந்த சீட்டுன்னு பக்கம் பக்கமா போகுது. பொண்ணுங்கள எழுதியிருக்க விதமும் அந்தக் காலத்து புத்தியிலதான் இருக்கு. கொலையாளி யாருன்னு ஒரே மூச்சுல தேடிட்டுப் போற கதை வேணும்னா இதுல ஏமாந்துருவீங்க, அத மட்டும் முன்னாடியே சொல்லிடறேன்.

மேலூர் வாத்தியார்:
தம்பி ஆரப்பாளையம், பொண்ணுங்க விஷயத்துல நீங்க சொல்றத அப்படியே ஒத்துக்கிறேன். ஆனா அந்தக் கமிட்டிதான் கதையே. கெமல்மேன் மொதல்ல எழுதுனது கொலைக்கதையே கெடையாது, ஊருக்குப் புதுசா குடிவந்த யூதக் குடும்பங்க கோயில் கட்டுறதப் பத்தி ஒரு நாவல், அது வெலபோகல. இவரு துப்பறியும் சிறுகதையும் எழுதுறவருங்கறதால ரெண்டையும் ஒன்னாக்கிப் பாருங்கன்னு ஒரு எடிட்டர் யோசனை சொன்னாரு, அப்படிப் பொறந்தவருதான் டேவிட் ஸ்மால்.

வைகைக்கரை கேட்டதுக்கு வர்றேன். ராபைன்னா பூசாரின்னு நெனச்சுட்டா கதை கையில நிக்காது. அவரு படிச்சவரு, சட்டம் தெரிஞ்சவரு, தீர்ப்பு சொல்றவரு, அதே நேரம் சம்பளத்துக்கு இருக்குறவரு. மொத நாவல் எப்படி ஆரம்பிக்குதுன்னு நெனச்சுப் பாருங்க, ரெண்டு சிநேகிதங்க, ஒருத்தர் காரை இன்னொருத்தர் ஓட்டிட்டுப் போயி ஆயில் இல்லாம இஞ்சின் போயிருச்சு, யாரு காசு குடுக்குறதுன்னு பேச்சுவார்த்தையே நின்னுபோச்சு. ராபை ரெண்டு பேரையும் ஒக்கார வச்சு தால்முட்ல, அதான் யூதங்களோட பழைய சட்ட நூல்ல, இருக்க வழக்குகள எடுத்துப் பிரிச்சுப் பிரிச்சு வாதம் பண்ணி தீர்ப்பு சொல்றாரு. எங்க மேலூர்ப் பக்கம் அம்பலம்னு சொல்ற ஊர்ப் பெரியவரு மந்தையில ஒக்காந்து ரெண்டு தரப்பையும் கேட்டு நியாயம் சொல்ற மாதிரிதான், ஆனா அம்பலத்த யாரும் வேலைய விட்டுத் தூக்க முடியாது, ராபைய தூக்கலாம். கமிட்டி ஓட்டுப் போட்டு காண்ட்ராக்ட நீட்டிக்கலன்னா பொட்டியக் கட்ட வேண்டியதுதான். அப்படியிருந்தும் நன்கொடை குடுக்குற பெரிய மனுசன்கிட்டயே இது சரியில்லன்னு நேரா சொல்லிடறாரு, அதனாலதான் மனுசன் நம்ம மனசுல நிக்கிறாரு. அப்புறம் கொலைய கண்டுபிடிக்கிறப்பவும் புதுசா எதுவும் பண்றதில்ல, அந்தக் கார் வழக்குல பண்ண அதே வேலை, ரெண்டு விஷயம் ஒன்னு மாதிரி தெரியும், எங்க வேறபடுதுன்னு பிடிச்சிருவாரு.

ஓதுவாருக்கு தேவாரம் தெரியும், பண் தெரியும், ஊரு மரியாதை உண்டு, ஆனா சண்டைய அவருகிட்ட யாரு கொண்டுபோறா? கத்தோலிக்க ஃபாதர்னா செஸ்டர்டன் எழுதுன துப்பறியிற பாதிரியார் ஃபாதர் ப்ரௌன் 1910லயே வந்துட்டாரு. அவரு வழி வேற, பாவசங்கீர்த்தனத்துல கேட்டுக் கேட்டு மனுசன் எம்புட்டு கெட்டுப்போக முடியும்னு தெரிஞ்சவரு, குற்றவாளிக்குள்ள போயி நின்னு யோசிப்பாரு. ராபைக்கு அந்தப் பாவசங்கீர்த்தனக் கூண்டே கெடையாது, வாதம் மட்டும்தான். ரெண்டுல எந்த வழின்னு மொதல்ல முடிவு பண்ணுங்க.

கெமல்மேனோட 'தி நைன் மைல் வாக்' சிறுகதையையும் தேடிப் படிங்க, 1947ல எல்லரி க்வீன்ங்கற துப்பறியும் கதைப் பத்திரிகையில வந்தது. ஒன்பது மைல் நடக்குறது வெளையாட்டு இல்ல, அதுவும் மழையிலன்னு ஒரே ஒரு வாக்கியம், அத மட்டும் வச்சு நிக்கி வெல்ட்னு ஒரு புரொஃபசர் கொலை வரைக்கும் போயிடுவாரு. ஒன்பது மைல்னா பதினாலரை கிலோமீட்டர், ராத்திரியில ஒருத்தன் ஏன் பஸ் ஏறாம நடந்தான், எங்கருந்து எங்க போனான், ஏன் அந்த நேரத்துல போயிச் சேரணும்னு கேள்வி கேட்டே போறாரு. கிளாஸ்ல ரொம்ப வருசம் அந்த வாக்கியத்த எழுதிப்போட்டு பிள்ளைகள கேட்டிருக்கேன், பிரமாதமா யோசிப்பாய்ங்க.

காஜிமார்தெரு:
வாத்தியார் சொன்னத படிச்சதும் சட்டுன்னு தோணுச்சு, நீங்க தேடுற ஆளு எங்க பள்ளிவாசல்ல இருக்காரு பாய். இமாமும் பூசாரி கெடையாது, மதரஸாவுல வருசக்கணக்கா ஓதி ஆலிம் (மார்க்க அறிஞர்) பட்டம் வாங்குனவரு, ஜமாத் கமிட்டி சம்பளத்துக்கு வைக்கிறாங்க, வேணாம்னா மாத்திடுவாங்க. ஜும்ஆ பயான்ல (வெள்ளிக்கிழம பிரசங்கத்துல) வட்டிய பத்திப் பேசுனா அன்னைக்கு சாயந்தரமே யாராவது பள்ளிவாசல் நிர்வாகி முத்தவல்லிகிட்ட போயி நிப்பாங்க. அண்ணன் தம்பி சொத்து பாகம், பொதுச்செவுரு தகராறு, புருசன் பொஞ்சாதி பிரச்சனை, ஹஜ்ரத் (இமாமை அப்படித்தான் கூப்புடுவோம்) என்ன சொல்றீங்கன்னுதான் வந்து நிப்பாங்க, அவரும் கிதாபுல (மார்க்க நூல்ல) என்ன இருக்குன்னு பாத்துத்தான் சொல்லணும், சொந்தமா அடிச்சுவிட முடியாது. பாகப்பிரிவினை கணக்கே ஒரு துப்பறியிற வேலைதான், யாரு மொதல்ல மௌத்தானாங்க, அதான் இறந்தாங்கங்கறத வச்சு பங்கு மொத்தமும் மாறிடும்.

புக்குப்பிரியை:
பாய் அந்தக் கடைசி வரி ஒன்னு போதும், அதுலயே நாவல் இருக்கு.

வைகைக்கரை:
ஓதுவாரை விட்டுட்டேன், ஹஜ்ரத்துதான். வாத்தியார் சொன்ன வாதத்து வழியையே புடிச்சுக்கிறேன். போலீஸ் பக்கம் லானிகன் மாதிரி ஒருத்தர் வேணும், வேற மதத்துக்காரரா, தெரியாதத மரியாதையா கேட்டுத் தெரிஞ்சுக்கிறவரா, உசிலம்பட்டிப் பக்கத்து இன்ஸ்பெக்டர்னு வைக்கலாம்னு இருக்கேன். காஜிமார் பாய், ஒன்னே ஒன்னு கேக்கணும், ஹஜ்ரத்துக்கு மட்டும் கண்ணுல படுற தடயம்னா என்ன மாதிரி இருக்கும்? போலீஸ் பாத்தும் புரியாம, அவரு பாத்தா மட்டும் புரியணும்.

காஜிமார்தெரு:
நேரம்தான் பாய். அஞ்சு வேளை தொழுகைக்கும் பாங்கு சொல்லிக் கூப்புடுற நேரம் இருக்கு, ஜமாத்தா (கூட்டமா) தொழுற நேரம் இருக்கு, யாரு எந்த சஃப்புல (வரிசையில) நிப்பாங்கன்னு அவருக்கு அத்துபடி. ஒருத்தர் இஷாவுக்கு (ராத்திரித் தொழுகைக்கு) வந்தேன், தொழுதேன்னு போலீஸ்ல சொல்றாருன்னு வைங்க, நாலு பேரு ஆமா பாத்தோம்னு சாட்சியும் சொல்றாங்க. இமாம் முன்னாடி நிக்கிறவரு, தொழுகையில பின்னாடி திரும்ப மாட்டாரு, சலாம் குடுத்து முடிச்சப்புறம்தான் ஜனங்க பக்கம் திரும்பி ஒக்காருவாரு. அப்ப பாத்தா பிந்தி வந்தவங்க மட்டும் எந்திரிச்சு நின்னு விட்டுப்போன ரக்அத்த (தொழுகையில ஒரு சுத்து) தொழுதுட்டு இருப்பாங்க. நீங்க சொல்ற ஆளு எத்தன ரக்அத் எந்திரிச்சுத் தொழுதாருன்னு ஹஜ்ரத்துக்கு ஞாபகம் இருந்தா, அவரு எம்புட்டு நேரம் கழிச்சு உள்ள வந்தாருங்கறது தெரிஞ்சுபோச்சு. சாட்சி சொன்ன நாலு பேரும் பொய் சொல்லல, அவரு வந்தது நெசம்தான், எப்ப வந்தாருன்னுதான் யாரும் கேக்கல.