உணவு நுண்ணுயிரியலாளர் ஒருவரின் ஆய்வுத் தாக்கத்தை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி: முதுகலை மாணவி, கொடைக்கானல்

அனைவருக்கும் வணக்கம். உணவு நுண்ணுயிரியலாளர் ஒருவரின் ஆய்வு வாழ்க்கையைப் பற்றியும், அது துறையில் ஏற்படுத்திய தாக்கத்தைப் பற்றியும் வகுப்புக் கருத்தரங்கில் நான் பேச வேண்டும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் கீத் ஸ்டைன்கிராஸைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். இட்லி மாவு எப்படிப் பொங்குகிறது என்று 1965இல் விளக்கிய ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் அவரும் ஒருவர். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலர் தளத்தில் கிடைக்கும் மேற்கோள் எண்ணிக்கையையும் (பிறர் தம் கட்டுரைகளில் அவருடையவற்றை எத்தனை முறை சுட்டியிருக்கிறார்கள் என்பது), அதை வைத்துக் கணக்கிடும் எச்-இன்டெக்ஸ் என்ற குறியீட்டையும் அட்டவணையாகக் காட்டினால் போதும் என்று உடன் படிப்பவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அந்த எண்கள் உண்மையில் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வு பெற்ற பேராசிரியர், குன்னூர்

உங்கள் தயக்கம் நியாயமானது. எச்-இன்டெக்ஸை 2005இல் முன்மொழிந்தவர் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஒருவருடைய கட்டுரைகளில் இருபது கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது இருபது முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய குறியீடு 20. ஒரே கட்டுரையால் துறையின் போக்கையே மாற்றியவருக்கு இந்தக் கணக்கில் தனி மதிப்பு கிடையாது. புதிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லாத தொகுப்புக் கட்டுரைகள் பல சமயம் மூல ஆய்வைவிட அதிகமாக மேற்கோள் பெறுகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே எண்ணை ஒரு பக்கம் வைத்துவிட்டு, முதலில் அந்த 1965ஆம் ஆண்டுக் கட்டுரையையே முழுதாகப் படியுங்கள். ரொட்டி மாவைப் பொங்க வைப்பது ஈஸ்ட். இட்லி மாவில் புளிப்பையும் வாயுவையும் உண்டாக்குவதில் முதன்மையானது லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற லாக்டிக் அமில பாக்டீரியா என்று அவர்கள் காட்டினார்கள். அதற்குப் பின் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஃபீக்காலிஸ், அதற்கும் பின் பீடியோகாக்கஸ் என்று மாவுக்குள் ஓர் உயிரினத்தின் இடத்துக்கு அடுத்தது வரும் வரிசையையும் பதிவு செய்தார்கள். ஈஸ்டின் துணையில்லாமல் இத்தகைய பாக்டீரியாவாலேயே ஓர் உணவு பொங்குகிறது என்பதற்கு, தாங்கள் அறிந்தவரை, இதுவே முதல் பதிவு என்று அவர்களே குறிப்பிடுகிறார்கள்.

இந்தக் கேள்வி அவர்களுக்கு எப்படித் தோன்றியது என்பதைத் தேடினால் ஓர் ஆய்வு வாழ்க்கையின் இழை கைக்குச் சிக்கும். கட்டுரையின் மற்றோர் ஆசிரியரான கார்ல் பீடர்சன், நறுக்கிய முட்டைக்கோஸை உப்பிட்டுப் புளிக்க வைக்கும் சவர்க்ராட்டை நெடுங்காலம் ஆராய்ந்தவர். அந்தப் புளிப்பைத் தொடங்கி வைப்பதும் இதே லியூகோனோஸ்டாக்தான். நம் மலைச்சரிவுகளில் விளையும் முட்டைக்கோஸுக்கும் சமவெளி உளுந்துக்கும் ஒரே உயிரினத்தால் உறவு ஏற்பட்டிருப்பதை அடையாளம் காணும் கண் அவருடைய ஆய்வகத்தில் ஏற்கெனவே பழகியிருந்தது.

கட்டுரையில் ஐந்து பெயர்கள் உள்ளன. முதல் பெயர் முகர்ஜி. முழுப் புகழையும் ஸ்டைன்கிராஸ் ஒருவருக்கே சூட்டிவிடாதீர்கள். அவருடைய தனிப்பெரும் பங்கு, உலகெங்கும் உள்ள பாரம்பரியப் புளிப்பு உணவுகளை ஒரே துறையாகத் தொகுத்தது. 1983இல் வெளிவந்த அவருடைய கையேடு இட்லியையும், சோயா அவரையைப் புளிக்க வைத்துச் செய்யும் இந்தோனேசிய உணவான டெம்பேவையும் ஒரே தராசில் வைத்துப் பேசியது.

பதில் 2: பால் ஆய்வுக்கூடப் பணியாளர், உதகமண்டலம்

பேராசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பாலின் தரத்தை அறியும் மெத்திலீன் நீலச் சோதனைக்கு நாங்கள் 10 மில்லி பாலில் 1 மில்லி சாயத்தைக் கலந்து, குழாயை 37 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் வைத்து, நீலம் எப்போது மறைகிறது என்று பார்ப்போம். பாக்டீரியா மிகுந்த பால் விரைவில் வெளுத்துவிடும். நல்ல பாலில் நிறம் ஐந்து மணி நேரத்துக்கு மேலும் நிற்கும். அந்தப் பாலை ஏற்பதா தள்ளுவதா என்ற முடிவில் பல பால் நுண்ணுயிரியலாளர்களின் உழைப்பு இருக்கிறது. ஆனால் சோதனை செய்யும் நாங்கள் கட்டுரை எழுதுவதில்லை என்பதால் அந்தப் பயன்பாடு எந்த மேற்கோள் கணக்கிலும் ஏறாது.

ஒப்பீட்டுக்கு ஆலிஸ் எவன்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முனைவர் பட்டம் பெறாத அவர் அமெரிக்க வேளாண் துறையின் பால் பிரிவில் பணியாற்றியவர். பசுக்களுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும் பாக்டீரியாவும், மனிதருக்கு மால்டா காய்ச்சலைத் தரும் ஆட்டுப்பால் கிருமியும் நெருங்கிய உறவுடையவை, ஆகவே காய்ச்சாத பசும்பாலால் மனிதருக்கும் ஆபத்து உண்டு என்று 1917இல் அறிவித்து, 1918இல் வெளியிட்டார். தியோபால்ட் ஸ்மித் போன்ற பெரிய அறிஞரே அதை ஐயுற்றார். 1922இல் ஆய்வகத்திலேயே அந்த நோய் எவன்ஸைத் தொற்றி, பல ஆண்டுகள் வாட்டியது. பின்னர் பிறருடைய ஆய்வுகள் அவர் சொன்னதை உறுதிப்படுத்தின. 1928இல் அமெரிக்க பாக்டீரியாவியலாளர் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். 1920இல் யாரேனும் அவருடைய தாக்கத்தை அளந்திருந்தால் எதிர்ப்புகள் மட்டுமே தெரிந்திருக்கும். பாலைச் சூடாக்கிக் கிருமிகளைக் கொல்லும் பாஸ்டுரைஸ் முறைக்கான வாதங்களில் அவருடைய முடிவு வலிமையான ஒன்றாக நின்றது.

பதில் 3: ஆய்வு மாணவர், கோத்தகிரி

மேற்கோள்களை எண்ணுவதற்குப் பதிலாக, அவற்றில் ஒரு பத்தையாவது திறந்து படியுங்கள். முன்னுரையில் பெயரளவில் வரும் மேற்கோளும், அந்த முறையையே எடுத்துக்கொண்டு மேலே செல்லும் மேற்கோளும் ஒன்றல்ல.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. அட்டவணையை ஒரே பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, முகர்ஜி, பீடர்சன் ஆகியோரின் பங்கையும், பிற்காலக் கட்டுரைகள் அந்தப் பாக்டீரியா வரிசையை எங்கே ஏற்று எங்கே திருத்துகின்றன என்பதையும் விரிவாகப் பேசப்போகிறேன். இங்கே மார்கழிக் குளிரில் மாவு மறுநாள் காலையிலும் பொங்காமல் கிடக்கிறது. ஒரே மாவை இரண்டாகப் பிரித்து, ஒன்றை அறை வெப்பநிலையிலும் மற்றொன்றை 30 டிகிரி இன்குபேட்டரிலும் வைத்து அமிலத்தன்மையை அளந்து காட்டுவது பொருத்தமாக இருக்குமா?

பதில் 1: ஓய்வு பெற்ற பேராசிரியர், குன்னூர்

மிகவும் பொருத்தம். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவோடு மாவின் உயரத்தையும் அளவுக் குவளையில் குறித்துக்கொள்ளுங்கள். புளிப்பும் பொங்குதலும் எப்போதும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை.