பாட்டுப் பாடினால் ஆசிரியர் வருவாரா?

வயல்வரப்பு (தொடக்கப் பதிவு)

எங்கள் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை 54 பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆசிரியர்கள் இரண்டே பேர். அவர்களில் ஒருவர் தலைமை ஆசிரியர். பதிவேடு, கூட்டம், கணினியில் விவரம் ஏற்றுவது என்று அவருடைய பாதி நாள் போய்விடுகிறது. இன்னொருவர் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிக் காட்டுகிறார். அந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்குப் போடுகிறார். என் தங்கை அங்கேதான் படிக்கிறாள். எந்தப் பக்கத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறாள்.

ஊரில் நாங்கள் 12 பேர் இருக்கிறோம். சிலர் கல்லூரியில் படிக்கிறோம், சிலர் படித்து முடித்துவிட்டோம். வரும் அக்டோபர் 2 கிராம சபையில் கூடுதல் ஆசிரியர் கேட்டுத் தீர்மானம் கொண்டுவர நினைக்கிறோம். போன பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்த பெற்றோர் நான்கு பேர். எங்கள் வயதுக்காரர்கள் அந்தப் பக்கமே வருவதில்லை. அதனால் ஒரு பாட்டுக் கட்டி, மாலையில் தெருத் தெருவாகப் பாடி ஆள் சேர்க்கலாம் என்று திட்டம். என் நண்பன் சிரிக்கிறான்: "பாட்டுப் பாடினால் ஆசிரியர் வருவாரா?"

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சுண்ணக்கட்டி

தம்பி, 31 ஆண்டுகள் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் நண்பர் சிரித்ததில் தவறில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூன்று. 91 முதல் 120 வரை நான்கு. உங்கள் பள்ளியில் 54. சட்டப்படி அங்கே பற்றாக்குறையே இல்லை! தொண்டை கிழியப் பாடித் தீர்மானம் போட்டு அனுப்பினாலும், 'விதிப்படி ஆசிரியர்கள் உள்ளனர்' என்று ஒரே வரியில் பதில் வரும். அந்த வரியை நானே பலமுறை வாங்கியிருக்கிறேன்.

இன்னொன்று. ஆசிரியர் பணியிடத்தை ஆகஸ்ட் 1 நிலவரப்படி கணக்கிடுகிறார்கள். நீங்கள் அக்டோபரில் பாடப் போகிறீர்கள். கல்யாணம் முடிந்து பந்தியும் எடுத்த பிறகு நாதஸ்வரத்துக்கு முன்பணம் கொடுப்பது போல இருக்கிறது.

அறிவொளி அக்கா

ஐயா, கணக்கு சரி. ஆனால் பாட்டைக் கிண்டல் செய்யாதீர்கள். நான் பாட்டால் வெளியே வந்தவள்.

1991-ல் எனக்கு 19 வயது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய நேரம். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். எங்கள் ஊருக்கு ஒரு கலைப்பயணக் குழு வந்தது. பத்துப் பதினைந்து பேர், கழுத்தில் துண்டு, ஒரு பறை, ஒரு டோலக். எல்லாரும் எங்கள் வயது. நாடகம், பாட்டு, மறுபடி நாடகம் என்று ஒரு மணி நேரம். கூட்டம் கலைவதற்குள் ஒரு பையன் நீளமான நோட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்து நின்றான். பேனாவை நூலில் கட்டி அந்த நோட்டோடு சேர்த்திருந்தான். "யார் யார் சொல்லிக் கொடுப்பீர்கள், பெயரை எழுதுங்கள்" என்றான். பாட்டு காதில் இருக்கும்போதே கேட்டதால்தான் எழுதினேன். மறுநாள் காலையில் கேட்டிருந்தால் அப்பா விட்டிருக்க மாட்டார், எனக்கும் துணிச்சல் இருந்திருக்காது.

அறிவொளியோடு சேர்ந்து பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்ற கதை எல்லாருக்கும் தெரியும். முத்துபாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டை மாவட்டம் முழுக்கப் பாடினோம். லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை, ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். பிறகு அதுவே பிடித்துப்போயிற்று. இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே உள்ள கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் அல்லவா!

சுண்ணக்கட்டி

அம்மா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பாட்டுக்குப் பின்னால் ஆட்சியர் அலுவலகம் நின்றது. சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைத்தது. பாடப் புத்தகம், சிலேட்டு, விளக்கு எல்லாம் வந்து இறங்கின. வெறும் பாட்டு அல்ல.

விழா முடிந்த பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லுங்கள். எங்கள் பள்ளி வராந்தாவிலும் அறிவொளி மையம் நடந்தது. கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட அம்மாக்கள் மூன்றே ஆண்டில் மறுபடி மைப்பெட்டியைத் தேடி வந்ததை நான் பார்த்தவன். தமிழ்நாட்டின் எழுத்தறிவு 1991-ல் 62.66 சதவீதம், 2001-ல் 73.45, 2011-ல் 80.09. இந்த ஏற்றத்தில் பெரும்பங்கு பள்ளிக்கூடத்துக்கு உரியது. பள்ளிக்குள் வந்த பிள்ளைகள் வளர்ந்தார்கள், எழுத்தறிவு ஏறியது.

அறிவொளி அக்கா

மறந்தவர்கள் இருக்கிறார்கள். மறுக்கவில்லை. முதல் புத்தகம் முடித்தவர்களுக்கு அடுத்து வாசிக்க ஊரில் எதுவும் இல்லை. அதற்குப் பாட்டின் மேல் பழி போடுவது நியாயமா? அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் அனுப்பிய அம்மாக்கள் யார், ஐயா? என் மையத்தில் படித்தவர்களில் பாதிப் பேர் பெயரை மறந்திருக்கலாம். தங்கள் மகளை எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர் அவர்களில் குறைவு.

2021 அக்டோபரில், கொரோனாவில் படிப்பு விட்டுப்போன பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் சொல்லிக் கொடுக்கும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோதும் கலைக்குழுக்கள்தான் ஊர் ஊராகப் போயின. மாலை 5 முதல் 7 வரை வகுப்பு, மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அந்த ஆயிரத்துக்காகவா அத்தனை பெண்கள் வந்தார்கள்? எங்கள் தெருவில் வந்த பெண் சாக்பீஸ் செலவையும் தன் கையிலிருந்துதான் போட்டாள்.

தென்திசை

இரண்டு பேரும் அரசே முன்னின்று நடத்திய பாட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். அரசை எதிர்த்துப் பாடியவர்கள் கதை வேறு. சிலி நாட்டைப் பாருங்கள்.

1990 மார்ச்சில் ராணுவ ஆட்சியாளர் பினோசே பதவி இறங்குவதற்கு முந்தைய நாள் ஒரு கல்விச் சட்டத்தை வெளியிட்டுவிட்டுப் போனார். கல்வியைச் சந்தைச் சரக்காகவே வைத்திருக்கும் சட்டம். பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும் என்றால் பெரும்பாலோர்க்குக் கடன்தான் வழி. 2011-ல் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜூன் 24 அன்று சான்டியாகோவில் அதிபர் மாளிகைக்கு எதிரே ஆயிரக்கணக்கானவர்கள் பிணங்களைப் போல வேடமிட்டு, மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' பாட்டுக்கு ஆடினார்கள். கடனில் செத்தவர்கள் எழுந்து வந்திருக்கிறோம் என்பது பொருள். ஊர்வலங்களில் அவர்கள் பாடியது 'லோஸ் பிரிசியோனெரோஸ்' குழு 1986-ல் வெளியிட்ட ஒரு பழைய பாட்டு. ஒரே பள்ளிச் சீருடை, ஒரே வாக்குறுதி, ஆனால் படிப்பு முடிந்ததும் சிலருக்கு மட்டும் கதவு திறந்தது என்பதுதான் அதன் சாரம். பெற்றோர் இளமையில் கேட்ட பாட்டைப் பிள்ளைகள் பாடியதால் பெற்றோரும் தெருவுக்கு வந்தார்கள். 2016-ல் ஏழை மாணவர்களுக்குக் கட்டணமில்லாப் பல்கலைக்கழகக் கல்வி தொடங்கியது. 2018-ல் அது நிரந்தரச் சட்டமாயிற்று. அன்றைய மாணவர் தலைவர்களில் ஒருவரான காப்ரியேல் போரிச் 2022-ல் அதிபரானார்.

அவர்கள் 'உதவித்தொகையைக் கொஞ்சம் கூட்டுங்கள்' என்று பாடவில்லை. விதியையே மாற்று என்று பாடினார்கள். வயல்வரப்பு, 60 பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர் போதும் என்ற அந்த அட்டவணையே அநியாயம். ஐந்து வகுப்புக்கு ஐந்து ஆசிரியர் என்று பாடுங்கள்.

சுண்ணக்கட்டி

சிலியில் மாதக் கணக்கில் பள்ளிகளை ஆக்கிரமித்துப் பூட்டி வைத்தார்கள். ஏராளமான பிள்ளைகள் அந்த ஆண்டை இழந்து அதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்தார்கள். அதையும் எழுதுங்கள். ஆட்டம் செய்திகளில் வந்தது. விலை கொடுத்தது வேலைநிறுத்தம். அப்படியும் ஐந்து ஆண்டு ஆயிற்று.

அங்கே லட்சம் பேர். இங்கே 12 பேர். 12 பேர் மத்தியச் சட்டத்தின் அட்டவணையைத் திருத்தப் பாடினால் ஊரில் நாய்தான் குரைக்கும். எனக்கு ஒரே கேள்வி: 61-ஆவது பிள்ளை எங்கே? 54 இருக்கிறது. இன்னும் ஏழு சேர்ந்தால் மூன்றாவது ஆசிரியருக்குத் தகுதி வரும். அந்த ஏழு பேரைத் தேடிப் பாடுவதாக இருந்தால் நானும் தாளம் போடுகிறேன்.

வயல்வரப்பு

ஐயா, எங்களில் ஒருவருக்கும் இந்த அட்டவணை தெரியாது. ஆசிரியர்கள் வேண்டுமென்றே அனுப்பப்படவில்லை என்றுதான் நினைத்திருந்தோம். நேற்று இரவே உட்கார்ந்து நான்கு அடி எழுதினோம்:

ஐந்து வகுப்பு, ஆசிரியர் இரண்டு
ஐம்பத்து நான்கு பிள்ளைகள் உண்டு
இன்னும் ஏழு பிள்ளைகள் வந்தால்
இன்னோர் ஆசிரியர் வருவார் இங்கு

தென்திசை அண்ணன் சொல்வதும் மனத்தில் உறுத்துகிறது. 54 பிள்ளைகளுக்கே இரண்டு பேர் போதவில்லை. சட்டம் சொல்வதைப் பாடுவதா, சட்டமே போதாது என்று பாடுவதா?

சுண்ணக்கட்டி

நான்காவது அடியை அடித்துவிடுங்கள். 'வருவார்' என்று யார் சொன்னது? தகுதி வந்தாலும் பணியிடம் உருவாக வேண்டும், கலந்தாய்வில் யாராவது உங்கள் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தன் பிள்ளையை நம்பிச் சேர்த்த தாய், ஆடியிலும் ஆவணியிலும் ஆள் வராவிட்டால் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார். பாட்டில் பொய் சொன்னால் மேடைப் பேச்சில் சொன்னதைவிட நாள்பட்டு நிற்கும்.

தென்திசை

இது ஐயாவிடமிருந்து வந்த முதல் நல்ல இலக்கிய விமர்சனம். 'கேட்போம் இங்கு' என்று மாற்றலாமே.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏழு பிள்ளைகளைப் பிடித்து வரும் பொறுப்பைப் பெற்றோர் தலையில் கட்டுவது அரசுக்கு மிகவும் வசதியான பாட்டு. அதை அரசு விளம்பரமாகவே போட்டுக்கொள்ளும்.

பறையோசை

இவ்வளவு நேரம் படித்தேன். தாளத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இரண்டாவது அடி நன்றாக விழுகிறது. நான்காவது அடியில் 'ஆசிரியர்' என்ற சொல் அடிக்குள் அடங்காமல் திமிறுகிறது. வாய்விட்டுப் பாடிப் பார்த்து எழுதுங்கள். தாளில் எழுதிப் பார்த்துப் பாடாதீர்கள். சினிமா மெட்டில் போட வேண்டாம். கேட்பவருக்குப் பழைய வரிதான் வாயில் வரும், உங்கள் கணக்கு வராது.

நான் கேட்க வந்தது வேறு. அந்த ஏழு பிள்ளைகள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள்?

வயல்வரப்பு

பள்ளியில் இருக்கும் 54 பேரில் பெரும்பாலோர் காலனிப் பிள்ளைகள். காலையில் தனியார் பள்ளி வேன்கள் இரண்டு வருகின்றன. அவற்றில் ஏறுபவர்கள் பெரும்பாலும் மேலத்தெரு.

பறையோசை

அப்படியென்றால் உங்கள் பாட்டைக் கேட்க வேண்டியது மேலத்தெரு. அங்கே பறை போகுமா? சாவுக்கு அழைத்தால் அடிக்கலாம். பள்ளிக்கூடத்துக்காக நடுத்தெருவில் நின்று அடித்தால் எத்தனை கதவு திறக்கும், எத்தனை கதவு சாத்தும்? அந்த வேன்கள் ஆங்கிலத்துக்காக மட்டும்தான் ஓடுகின்றனவா? யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதற்காகவும் ஓடுகின்றன. 60-க்கு இரண்டு என்ற அட்டவணையில் இது இல்லை, ஐயா.

சுண்ணக்கட்டி

இல்லை. ஒப்புக்கொள்கிறேன். என் பள்ளியிலும் இதுதான் நடந்தது. வேன் வந்த ஆண்டு என் பதிவேட்டில் 23 பெயர்களைச் சிவப்பு மையில் அடித்தேன். காரணம் என்ற இடத்தில் 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதினேன்.

அறிவொளி அக்கா

எங்கள் கலைக்குழுவில் ஒரு விதி இருந்தது. எந்த ஊருக்குப் போனாலும் சாப்பாடு காலனியில்தான். மேலத்தெருவில் ஆட்டம், அங்கே வீடு கொடுத்தாலும் தங்குவதில்லை. சில ஊர்களில் திண்ணை விளக்கை அணைத்துவிடுவார்கள். நாங்கள் பெட்ரோமாக்ஸ் வைத்திருந்தோம். பெரியவர்கள் உள்ளே போவார்கள். பிள்ளைகள் போக மாட்டார்கள்.

தம்பி, அக்டோபர் 2-ல் தீர்மானத்தை வையுங்கள். ஐந்து வகுப்புக்கு ஐந்து ஆசிரியர் என்றே வையுங்கள், தென்திசை சொன்னபடி. எழுத்தில் பதிவாகட்டும். பாட்டை இப்போதே தெருவுக்குக் கொண்டுபோகாதீர்கள். மே 1 கிராம சபைக்கு முன்னால் ஒரு மாதம் பாடுங்கள். ஜூனில் சேர்க்கை. ஆகஸ்ட் 1-ல் ஐயாவின் கணக்கு.

நோட்டை மறக்காதீர்கள். பேனாவை நூலில் கட்டுங்கள், இல்லையென்றால் காணாமல் போகும்.

தென்திசை

மே வரை பொறுத்திருந்தால் 12 பேர் ஆறு பேராகிவிடுவார்கள். இளைஞர்களைத் திரட்டிவிட்டு 'ஏழு மாதம் கழித்து வாருங்கள்' என்று சொன்ன இயக்கம் எதுவும் நிலைத்ததில்லை. இந்த ஒன்றில் அக்காவோடு நான் உடன்படவில்லை.

பறையோசை

ஒத்திகைக்கு நான் வருகிறேன். ஞாயிறு மாலை. தோலைக் காய்ச்ச வைக்கோல் கொஞ்சம் எடுத்து வையுங்கள். போக்குவரத்துச் செலவு தர வேண்டும். 'சேவைதானே' என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். எந்தத் தெருவில் முதல் அடி என்பதை வந்து சொல்கிறேன்.

வயல்வரப்பு

ஞாயிறன்று பள்ளி வராந்தாவில் ஒத்திகை முடிந்தது. 12 பேரில் ஒன்பது பேர் வந்தோம். நான்காவது அடி இப்போது 'மூன்றாம் நாற்காலி கேட்போம் நின்று'. பறையோசை அண்ணன் முதல் அடியைப் பள்ளி வாசலிலேயே போட்டார். அது இரண்டு தெருவுக்கும் கேட்கும் இடம் என்றார். காலனிப் பிள்ளைகள் எல்லாரும் வந்துவிட்டார்கள்.

மேலத்தெருவிலிருந்து ஒரு பாட்டி மட்டும் பால் கேனோடு முனையில் நின்றார். எங்களுக்காக நின்றாரா, கால் வலித்து நின்றாரா தெரியவில்லை. பால் சொசைட்டி ஆறரைக்கு மூடிவிடும். அவர் கிளம்பியபோது மணி ஆறே முக்கால்.

சுண்ணக்கட்டி

அவருக்குப் பேரப்பிள்ளைகள் எத்தனை பேர்? எந்த வகுப்பு?