ரோஜாப் பூப்போட்ட சிவப்பு–கறுப்புச் சட்டையை உக்ரைனின் மரபு என்று சொல்லலாமா?

தறிக்காரன்:

மே மாதத்தின் மூன்றாம் வியாழக்கிழமையை உக்ரைனியர்கள் விஷிவான்கா நாளாக, அதாவது பூத்தையல் சட்டையை அணியும் நாளாகக் கொண்டாடுகிறார்கள். 2006இல் செர்னிவ்ட்சி பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் தொடங்கிய வழக்கம் இது. அன்று இணையத்தில் பரவும் படங்களில் பெரும்பாலானவை ஒரே வகைச் சட்டையைத்தான் காட்டுகின்றன: வெள்ளைத் துணியில், மார்பிலும் கையிலும் சிவப்பும் கறுப்புமாகக் குறுக்குத் தையலில் (நூலைப் பெருக்கல் குறிபோல் குறுக்கே போட்டுத் தைக்கும் முறையில்) போட்ட ரோஜாக்கள். அதற்குக் கீழே ‘ஆயிரமாண்டு மரபு’ என்று எழுதிவிடுகிறார்கள். இந்தக் கூற்றை மறுப்பதற்காகவே இதைத் தொடங்குகிறேன்.

அந்த ரோஜா 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஊர்களுக்குள் பரவியது. 1864இல் ஆன்றி புரோக்கார் என்ற பிரெஞ்சுக்காரர் மாஸ்கோவில் தொடங்கிய சோப்பு, வாசனைப் பொருள் நிறுவனம், தன் சோப்போடு கட்டம்போட்ட தையல் மாதிரித் தாள்களை இலவசமாகக் கொடுத்தது. கட்டத்தை எண்ணித் தைப்பது எளிது என்பதால், அந்த மாதிரிகள் பழைய தையல் முறைகளை மெல்ல மெல்ல ஓரங்கட்டின.

ஓரங்கட்டப்பட்டது என்ன என்பதற்குப் போல்தாவா வட்டாரத்து ரெஷெத்திலிவ்காவின் வேலைப்பாட்டைப் பாருங்கள். வெள்ளை லினன் துணியில் வெள்ளை நூலாலேயே தைப்பார்கள். இழைகளை எண்ணி, சிறு சிறு சதுரங்களாக வெட்டி எடுத்து, வெட்டிய விளிம்பு பிரிந்துவிடாதபடி நூலால் சுற்றிக் கட்டுவார்கள். பக்கத்திலேயே நிரப்புத் தையலின் நூல்கள் ஒரு பூவிதழில் நெடுக்காகவும் அடுத்த இதழில் குறுக்காகவும் படுத்திருக்கும். நிறமே இல்லாத அந்தச் சட்டைக் கையில், சாளரத்து வெளிச்சம் சாய்ந்து விழும்போது ஓர் இதழ் மின்னும், அடுத்தது மங்கும். பூவின் உருவம் அப்போதுதான் புலப்படும். இப்படி ஒன்று இருக்கும்போது அச்சுத்தாளில் வந்த ரோஜாவை நாட்டின் அடையாளமாக்குவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

வெள்ளிவீதி:

தறிக்காரன் ஐயா, ரெஷெத்திலிவ்காவைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பொருள் எப்போது வந்தது என்பதை மட்டும் வைத்து அது மரபா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வதை ஏற்க முடியாது. அந்த அளவுகோலை எடுத்தால் நீங்கள் போற்றும் வட்டாரச் சட்டைகளில் பலவும் நிற்காது. கார்பாத்திய மலையில் ஹுட்சுல் மக்கள் வாழும் கோஸ்மாச் ஊரின் சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கை முழுவதும் செம்மஞ்சளும் மஞ்சளும் சிவப்பும் தீப்பிடித்ததுபோல் இருக்கும். அந்த ஒளிர்வைத் தந்தது ஆலைச் சாயம் ஏற்றிக் கடையில் விற்ற நூல். இன்று உக்ரைனிலும் ருமேனியாவிலுமாகப் பிரிந்து கிடக்கும் புக்கோவினா வட்டாரத்துச் சட்டைகளின் மணிவேலை வெனிசிலிருந்தும் பொஹீமியாவிலிருந்தும் வந்த கண்ணாடி மணிகள் இல்லாமல் நடந்திருக்காது. அவற்றை வட்டார மரபு என்று மதிக்கும் நாம், சோப்புத்தாளைப் பார்த்துத் தைத்த பெண்ணை மட்டும் ஏமாந்தவளாகக் காட்டுவது நியாயமா? அவள் அந்த மாதிரியை விரும்பித் தேர்ந்தெடுத்தாள். தனக்குப் பிடித்தபடி மாற்றினாள். அதை அணிந்து திருமணத்துக்குப் போனாள். அவளுடைய பேத்திக்கு அது பாட்டியின் சட்டை.

தறிக்காரன்:

வாங்கிய நூலையும் வாங்கிய வடிவத்தையும் நீங்கள் ஒன்றாக வைத்துப் பேசுகிறீர்கள். கோஸ்மாச் பெண் நூலைக் கடையில் வாங்கினாலும், வடிவம் அவளுடைய ஊருக்குரியதாகவே இருந்தது. அச்சுத்தாள் வந்தபோது அந்த வேறுபாடுதான் அழிந்தது; ஒரே ரோஜா, ஒரே திராட்சைக் கொடி நூற்றுக்கணக்கான ஊர்களுக்குப் போயிற்று.

இது என் தனிப்பட்ட கவலை மட்டுமன்று. கவிஞர் லேசியா உக்ரயின்காவின் தாயாரான ஒலேனா ப்சில்கா, வொலின் வட்டாரத்து ஊர்களில் திரட்டிய பூத்தையல், நெசவு, முட்டை ஓவிய வடிவங்களை 1876இல் கீவில் நூலாக வெளியிட்டார். புதிய மாதிரிகள் வந்து குவிவதற்கு முன் பழைய வடிவங்களைப் பதிந்துவைக்க வேண்டும் என்ற அக்கறை அவருக்கு இருந்தது.

தையல் முறையும் வெட்டும் சேர்ந்ததுதான் சட்டை என்பதையும் மறந்துவிடக் கூடாது. வீட்டுத்தறியில் நெய்த துணி அகலம் குறைந்தது. அதனால் துணியை வீணாக்காமல் நேர்ச்சதுரங்களாகவும் நீள்சதுரங்களாகவும் வெட்டி, தோளில் ‘உஸ்தாவ்கா’ என்ற துண்டைச் சேர்த்து, கழுத்தைச் சுருக்கிக் கட்டினார்கள். பெண்கள் சட்டையில் மேற்பகுதிக்கு மெல்லிய துணியும், பாவாடைக்குள் மறையும் கீழ்ப்பகுதிக்கு முரட்டுத் துணியும் வைப்பது பல இடங்களில் வழக்கம். பூத்தையல் எங்கே வர வேண்டும் என்பதை இந்த வெட்டுதான் முடிவு செய்தது. பொதோலியாவிலும் ஹுட்சுல் ஊர்களிலும் வழங்கிய ‘நிஸ்’ என்ற முறையில் துணியின் பின்பக்கத்திலிருந்து தைப்பார்கள். ஊசி இழைகளின் ஊடே வரிசை வரிசையாக ஓட, முன்பக்கத்தில் வடிவம் எழும், பின்பக்கத்தில் அதன் மறுதலை நிற்கும். இழை ஒன்று தவறினாலும் வரிசை முழுவதையும் பிரிக்க வேண்டும். அந்தப் பொறுமையைக் குறுக்குத் தையல் கேட்பதில்லை. இன்றைய கணினித் தையல் எந்திரமோ, வெட்டைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரு சாதாரண மேற்சட்டையின் மார்பில் பட்டையாக அடித்துவிடுகிறது.

நெடுவழி:

இருவருமே ‘உக்ரைனின் மரபு’ என்ற எல்லைக்குள் நின்று பேசுகிறீர்கள். வட்டாரம் என்பது அரசியல் எல்லைக்குக் கட்டுப்படுவதில்லை. புக்கோவினாவின் பெண்கள் சட்டையில் தோளுக்கு ஒரு வேலைப்பாடு, அதன்கீழ் ஒரே நிறத்தில் ஒரு பட்டை, அதற்கும் கீழே கை நெடுகச் சாய்வாக ஓடும் வரிகள் என மூன்று அடுக்குகள் உண்டு. இதே அமைப்புத்தான் ருமேனியாவின் சட்டையிலும் இருக்கிறது. தோளில் பூத்தையல் உள்ள அந்தச் சட்டையை ருமேனியாவும் மால்டோவாவும் சேர்ந்து முன்மொழிய, யுனெஸ்கோ 2022இல் தன் பட்டியலில் சேர்த்தது. வடக்குப் புக்கோவினாவே 1940இல்தான் ருமேனியாவிடமிருந்து சோவியத் ஒன்றியத்தின் கைக்குப் போனது. இதில் யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று கேட்பது வீண்.

தெர்னோப்பில் வட்டாரத்துப் போர்ஷ்சிவ் சட்டையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கறுப்புக் கம்பளி நூலால் கை முழுவதையும் துணியே தெரியாதபடி நிரப்பியிருப்பார்கள்; கையில் எடுத்தால் கனக்கும். படையெடுப்பில் ஆண்கள் கொல்லப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாகக் கறுப்பே அணிவோம் என்று பெண்கள் சபதம் செய்தார்கள் என்ற கதை வழங்குகிறது. கதை மனத்தைத் தொடுகிறது. ஆனால் நம்மிடம் உள்ள சட்டைகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியையும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்தவை. உடுத்திய துணி மக்கிப்போகும். ஆகவே ‘ஆயிரமாண்டு’ என்ற சொல்லை ரோஜாவுக்கு மட்டுமல்ல, எந்தச் சட்டைக்கும் யாரும் பயன்படுத்தக் கூடாது.

வெள்ளிவீதி:

நெடுவழியின் கடைசிக் கருத்து எனக்குத்தான் வலுச் சேர்க்கிறது. தறிக்காரன் ஐயா மேற்கோள் காட்டிய 1876ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்கிறேன். அந்த ஆண்டு மே மாதத்தில்தான் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் ஜெர்மனியின் எம்ஸ் நகரிலிருந்து ஆணை பிறப்பித்து, தன் பேரரசில் உக்ரைனிய மொழியில் நூல் அச்சிடுவதை ஏறத்தாழ முழுமையாகத் தடை செய்தார். மொழியை அச்சேற்ற முடியாத காலத்தில் படித்தவர்கள் குடியானவர்களின் சட்டையை நகரத்தில் அணிந்தார்கள். ஆஸ்திரியப் பேரரசின் பகுதியான கலீசியாவில் எழுத்தாளர் இவான் பிராங்கோ மேற்கத்தியக் கோட்டுக்குள் பூத்தையல் சட்டை அணிந்தார். இன்றைய 20 ஹிரிவ்னியா நோட்டிலும் அவர் அந்தச் சட்டையோடுதான் இருக்கிறார். அவரைப் போன்றவர்கள் அதை அணிந்தபோது, இந்த வெட்டு எந்த ஊருக்குரியது என்று பார்த்தவர்கள் கேட்கவில்லை. தங்கள் சட்டை என்று கண்டுகொண்டார்கள். பல ஊர்களுக்கும் பொதுவான ஒரு தோற்றம் இருந்ததால்தான் அது நடந்தது. நீங்கள் குறை சொல்லும் அந்த ரோஜா, அந்தப் பொதுமையை உண்டாக்கியவற்றுள் ஒன்று.

இன்னும் ஒன்று. ரெஷெத்திலிவ்காவின் வெள்ளைத் தையல் நம் காலம் வரை வந்து சேர்ந்ததற்கு அங்கே சோவியத் காலத்தில் இயங்கிய, கிளாரா ஸெட்கின் பெயரிட்ட கலைப்பொருள் தொழிற்சாலை ஒரு பெரிய காரணம். வெர்பிவ்கா என்ற சிற்றூரின் தையற்காரிகள் ஓவியர் மாலேவிச்சின் அருவ வடிவங்களைத் துணியில் தைத்துக் கொடுத்தார்கள். அவை 1915இல் மாஸ்கோவில் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஊர்க் கைகள் புதியதைக் கண்டு அஞ்சியவை அல்ல.

தறிக்காரன்:

வெர்பிவ்கா எடுத்துக்காட்டு என் பக்கத்துக்கே வருகிறது. புதிய வடிவம் வந்தபோதும் நிரப்புத் தையலில் கை பழகிய பெண்கள் அங்கே இருந்தார்கள்; அவர்கள் இல்லாவிட்டால் மாலேவிச்சின் சதுரங்கள் காகிதத்திலேயே நின்றிருக்கும். என் கேள்வி வடிவம் மாறலாமா என்பதன்று. கை தொடர்கிறதா என்பதே.

பொதுத் தோற்றம் அரசியலுக்குத் தேவைப்பட்டது என்பதை முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே பொதுத் தோற்றத்தை ஆட்சியும் எளிதில் எடுத்துக்கொண்டது. சோவியத் தலைவர் குருஷ்சேவ் பூத்தையல் சட்டை அணிந்து படமெடுத்துக்கொண்டார். மேடை நடனக் குழுக்களுக்கு ஒரே அச்சில் சட்டைகள் தைக்கப்பட்டன. ஊர் பெயர் சொல்லும் சட்டையைத் திரட்டியவருக்கோ நெருக்கடிதான் மிஞ்சியது. சிற்பி இவான் ஹொன்சார் கீவில் தன் வீட்டிலேயே வட்டார உடைகளையும் படங்களையும் சேர்த்துவைத்து, வருவோருக்கெல்லாம் காட்டிவந்தார்; அதற்காகக் கண்காணிப்புக்கும் தொல்லைக்கும் ஆளானார். அவர் இறந்த 1993ஆம் ஆண்டில், நாடு விடுதலை பெற்ற பிறகுதான், அந்தத் திரட்டு அருங்காட்சியகமாயிற்று. எந்தச் சட்டை அதிகாரத்துக்கு உவப்பாக இருந்தது, எது உறுத்தியது என்பதை இதிலிருந்து பாருங்கள்.

ஆகவே நான் கேட்பது இதுதான். ரோஜாச் சட்டை அருங்காட்சியகத்தில் இருக்கட்டும். ‘19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, அச்சு மாதிரி வழி வந்த குறுக்குத் தையல்’ என்ற குறிப்போடு இருக்கட்டும். எந்திரத்தில் அடித்த சட்டையை விற்பவர் ‘எந்திரத் தையல்’ என்று எழுதட்டும். கையால் தைத்ததை விற்பவர் ஊரையும் தையல் முறையையும் எழுதட்டும்.

வெள்ளிவீதி:

அந்தக் குறிப்பை நான் ஏற்கிறேன். அப்படியானால் கோஸ்மாச் சட்டைக்கு ‘ஆலைச் சாயமிட்ட நூல்’ என்றும், புக்கோவினாச் சட்டைக்கு ‘இறக்குமதி மணிகள்’ என்றும், ரெஷெத்திலிவ்காவின் 20ஆம் நூற்றாண்டுச் சட்டைக்கு ‘தொழிற்சாலையில் கைத்தையல்’ என்றும் அதே அளவு எழுத்தில் எழுத வேண்டும். ரோஜாவுக்கு மட்டும் பிறப்புச் சான்றிதழ் கேட்பதை நான் தொடர்ந்து எதிர்ப்பேன்.

நெடுவழி:

புக்கோவினாச் சட்டையின் குறிப்பில் எல்லைக்கு அப்பாலுள்ள ஊரையும் சேர்த்து எழுதுங்கள்.